சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் 600 பழைய போட்டோக்கள்: வருஷப்படி அடுக்குவதா, அப்படியே விடுவதா?

அஸ்தம்பட்டிவாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் என் சித்தப்பா தவறிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஒரு அறையும் திண்ணையுமாக இருந்த வாடகை வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தனியாக இருந்தார். வீட்டைக் காலி செய்யப் போனபோது கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பிஸ்கட் டின், பட்டுச்சேலை வருகிற அட்டைப்பெட்டி நான்கு. எல்லாவற்றிலும் போட்டோ. எண்ணிப் பார்த்ததில் 600-க்குப் பக்கத்தில் வருகிறது. அதில் எங்கள் குடும்பப் படம் நூறு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் யார் யாரோ. பழைய பேப்பர் கடைகளிலும், மூடப்போகிற ஸ்டூடியோக்களிலும் கட்டுக்கட்டாக வாங்கி வந்து சேர்த்திருக்கிறார். "எதுக்குடா இதெல்லாம்" என்று அப்பா கேட்டபோதெல்லாம் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போனவர்.

மூன்று மாதமாக, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் என் மகளும் பாயை விரித்து ஒரு பெட்டியைத் திறக்கிறோம். பத்து மணிக்குப் படுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். எப்படிச் சொல்வது, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போய் பதினாறு கண் மதகைப் பின்னால் வைத்து எடுத்த படம் மட்டும் ஒன்பது இருக்கிறது. ஒன்பதும் வேறு வேறு குடும்பம், ஆனால் ஒன்பதிலும் யாராவது ஒருவர் கையில் தூக்குப்போசி. அம்மாபேட்டைப் பக்கம் போலத் தெரிகிற ஒரு தெருவில் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டிப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து நிற்க, ஒரு ஆட்டுக்குட்டி மட்டும் பாவுக்கு அடியில் புகுந்து கேமராவைப் பார்க்கிறது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டம், சேலம் ஜங்ஷனில் நீராவி இன்ஜின் ஏணியில் ஒரு காலை வைத்து நிற்கிற கரி படிந்த ஆள், ஸ்டூடியோவில் ஏரியும் நிலாவும் வரைந்த சீன் துணிக்கு முன்னால் ரேடியோ மேல் கை வைத்து நிற்கிற பெண் (ரேடியோ ஸ்டூடியோவுடையது என்றுதான் நினைக்கிறேன், இன்னும் நாலு பேர் அதே ரேடியோவோடு இருக்கிறார்கள்). ராஜா காலத்துச் சிப்பாய் வேஷத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஈட்டியை மரத்தில் சாய்த்துவிட்டு டீ குடிக்கிற படம் ஒன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மகள் அவர்களுக்குப் பெயர் வைத்துப் பேச வைக்கிறாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

சித்தப்பா இவற்றை ஏதோ ஒரு வரிசையில் வைத்திருக்கிறார். அது வருஷ வரிசை இல்லை, ஊர் வரிசையும் இல்லை. மாப்பிள்ளை-பொண்ணு படத்துக்கு அடுத்து ஒரு பஸ், அதற்கடுத்து இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம், பிறகு பள்ளிக்கூட குரூப். என் மனைவி வருஷப்படி பிரித்து ஆல்பம் போட்டுவிடலாம் என்கிறாள். எனக்குக் கை வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று, முகம் தெரியாத இத்தனை பேரின் படங்களை நான் வைத்துக்கொண்டு ரசிப்பது சரியா?

கடைசியாக ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது இடம் தெரியுமா என்று பார்க்கலாம். பிஸ்கட் டின்னில் இது மட்டும் வெள்ளைத் துணியில் தனியாகச் சுற்றியிருந்தது. நடுவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நாற்காலிகளில் நான்கு பேர், முன்னால் நாய். பின்னால் ஓட்டுக் கூரை போட்ட கல் கட்டடம், பக்கவாட்டில் ஸ்டெப்னி மாட்டிய கார். தரை மட்டமாக, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கும் குறைவான சுவர். சுவரில் நீளக் கைப்பிடி போட்ட ஒரு பலகை சாய்த்திருக்கிறது. தூரத்தில் ஒல்லி ஒல்லியாக மரங்கள். முதுகில் பென்சிலால் 37 என்று மட்டும் இருக்கிறது. வாங்கி வந்ததில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், எங்கள் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

அண்ணா, தயவுசெய்து இப்போதைக்கு வரிசையைக் கலைக்காதீர்கள். வருஷம் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அவர் வைத்த வரிசையை ஒரு தடவை கலைத்தால் திரும்ப வராது.

எங்கள் வீட்டில் வெள்ளிப் பட்டறை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக விலக ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு படமாக எடுத்து "இது யாரும்மா, இது யாரும்மா" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பெயர் வராது, அம்மாவுக்கு அழுகை வந்துவிடும். அப்புறம் ஒருநாள் எதுவும் கேட்காமல் அவர்கள் கல்யாணப் படத்தை மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "இந்த அட்டிகை நம்மளது இல்ல, பக்கத்து வீட்டுக்காரம்மா குடுத்தது, படம் எடுத்த கையோட கழட்டிக் குடுத்துட்டேன்" என்றார். நாற்பது வருஷமாகச் சுவரில் மாட்டியிருந்த படம், எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது. அட்டிகையிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டம்மா, அங்கிருந்து அவர்கள் வீட்டுக் கிணறு, கிணற்றில் விழுந்த குடம், அதை எடுக்கப் பாதாளக் கொலுசு போட்ட ஆள் என்று ஒரு மணி நேரம் போனது. முழுவதும் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். அம்மா இப்போது இல்லை. அந்தக் குரல் இருக்கிறது.

அதனால் உங்கள் வீட்டில் பெரியவர்கள் யார் இருந்தாலும் அவர்கள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். பெண்கள் என்றால் ரவிக்கைக் கையையும் சேலைக் கரையையும்தான் முதலில் பார்ப்பார்கள், அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

பழைய ஸ்டூடியோ

தம்பி, நான் பதினாறு வயதில் டார்க் ரூமில் ஹைப்போ தொட்டியைக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தவன். சொந்தமாக ஸ்டூடியோ வைத்து நடத்திவிட்டு மூடியும் பல வருஷம் ஆகிறது. உங்கள் பெட்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

முதலில் பெட்டியில் பாச்சை உருண்டை இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அந்த ஆவி படத்துக்கு ஆகாது. ராமபாணப் பூச்சிக்குப் படத்தின் மேல் இருக்கிற ஜெலட்டினும் ஒட்டிய மைதாப் பசையும் ரொம்பப் பிடிக்கும், ஆகவே வாரம் ஒரு தடவை திறந்து பார்ப்பதே நல்ல காவல். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது, தண்ணீரில் போடவும் கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசை தடவிய அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற ஆல்பம் ஒன்று எழுபது எண்பதுகளில் எல்லார் வீட்டுக்கும் வந்ததே, அதில் இருப்பவற்றைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். அந்தப் பசை மஞ்சள் பாரித்துப் படத்தைத் தின்றுவிடும். மெல்லிய நைலான் நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்தால் கழன்று வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். லேமினேஷன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வருஷம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள், தாளையும் முதுகையும் பாருங்கள். மெல்லிய தாளில், காப்பித்தூள் நிறத்தில், தடித்த அட்டையில் ஒட்டியிருந்தால் அது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளாக இருக்கலாம், 1900-க்கு முந்தைய சங்கதி. சாய்த்துப் பார்த்தால் கறுப்பான இடங்களில் நீலமாக வெள்ளி பளபளக்கிறதா, அது வெள்ளி உப்புத் தாள்தான், நல்ல வயதானது. அலை அலையாக ஓரம் வெட்டிய சின்னப் படம் என்றால் பெரும்பாலும் ஐம்பது அறுபதுகள். சதுரமாக இரண்டேகால் அங்குலம் இருந்தால் 120 என்கிற ஃபிலிம் ரோலின் நெகட்டிவை அப்படியே தாளில் வைத்து எடுத்தது. அக்ஃபா கிளிக் த்ரீ கேமரா நம் ஊரில் பரவிய பிறகு கல்யாண வீடு, காதுகுத்து வீடு எல்லாம் இந்தச் சதுரம்தான். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். பன்னிரண்டில் ஒன்று வீணானால் வீட்டில் மூன்று நாள் பேச்சு நடக்கும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தி தொடங்கி 'இந்து' ஃபிலிம் வர ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. கலர் படம் முழுவதும் செங்கல் நிறமாகிவிட்டிருந்தால் பயப்படாதீர்கள், அந்தக் காலத் தாளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்தாலும் முதலில் வெளுத்துவிடும், சிவப்பு மட்டும் மிஞ்சும். ஸ்கேன் செய்தால் ஓரளவு மீட்கலாம்.

முதுகில் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் அதிர்ஷ்டம். விலாசத்தில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு. "தர்மபுரி, சேலம் ஜில்லா" என்று இருந்தால் 1965-க்கு முன்னால், அந்த வருஷம்தான் தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது (ஸ்டாம்ப் தேயும் வரை மாற்றாத முதலாளிகளும் இருந்தார்கள், அதையும் மனதில் வையுங்கள்). நீங்கள் சொன்ன 37-ஐ மட்டும் நம்பி வருஷம் போடாதீர்கள், பேப்பர் கடைக்காரர் போட்ட நம்பராகவும் இருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் ஸ்டெப்னி வைத்த கார் என்கிறீர்கள், அது அந்தக் காலத்துக்கு ஒத்துத்தான் வருகிறது.

கண்ணாடி நெகட்டிவ் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், பாரத்தில் விரிசல் விடும். தனித்தனியாகத் தாளில் சுற்றி, நீளப் பக்கம் கீழே வருமாறு செங்குத்தாக நிறுத்துங்கள். ஃபிலிம் நெகட்டிவில் வினிகர் வாடை வந்தால் அதைத் தனி டப்பாவுக்கு மாற்றுங்கள், அது மற்றதையும் கெடுக்கும். நெகட்டிவில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு போனில் வெள்ளைத் திரை வைத்து, அதன்மேல் நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனில் நிறத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் மகளுக்கு அது ஒரு மாயம் மாதிரி இருக்கும். எனக்கு இப்போதும் அப்படித்தான்.

இறந்தவரை உட்கார வைத்த படம் என்றீர்களே, அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று வாழ்நாள் முழுக்கக் கேமராவுக்கு முன்னால் நிற்காதவர்கள் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அம்மா முகம் என்று இருப்பது அந்த ஒரே படம்தான். விடிவதற்குள் சைக்கிளில் ஆள் வந்து கூப்பிடுவார்கள், ஸ்டாண்ட் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவோம். பிரேமில் மாட்டும்போது கண் திறந்திருப்பது போல நெகட்டிவில் பென்சில் வைத்துத் தரச் சொல்வார்கள். கூர் சீவிய பென்சிலும் லென்ஸுமாக ராத்திரி உட்கார்ந்து அதைச் செய்வேன். அது எனக்குத் தொழில் மட்டும் இல்லை.

முகம் தெரியாதவர்களை வைத்துக்கொள்வது சரியா என்றால், குப்பைக்குப் போக வேண்டியதை உங்கள் சித்தப்பா மடியில் ஏந்திக்கொண்டார், அதில் தப்பு என்ன. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடி டிஜிட்டலாக்கியது, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தில். அவர்களும் முகம் தெரியாதவர்களைத்தான் சேர்த்தார்கள். யாராவது உரிமையோடு வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குள் நடந்த சோகப் படங்களை வெளியில் போடாதீர்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நியாயம்.

சூரமங்கலம் 5

எல்லாரும் உணர்ச்சியாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வரிசை முக்கியம்தான், ஆனால் அது உங்கள் தலையில் மட்டும் இருந்தால் உங்களுக்குப் பிறகு உங்கள் மகள் தலையில் இருக்காது. எங்கள் வீட்டில் ஒரே ராத்திரி மழையில் தண்ணீர் உள்ளே வந்து கீழ் அலமாரி முழுக்க நனைந்துவிட்டது, காலையில் ஆல்பத்தைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே கட்டி. என் அப்பாவின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. ஒரு காப்பியும் எடுத்து வைக்கவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்று பெட்டியில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போடுங்கள், படத்தின் மேல் இல்லை, உறையின் மேல். முதுகில் எழுதியே ஆக வேண்டும் என்றால் மெத்தென்ற பென்சிலால் ஓரத்தில் லேசாக, பேனா வேண்டாம். சின்னப் படங்களை 600 டி.பி.ஐ.-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து அதே எண்ணைப் பெயராகக் கொடுங்கள். ஸ்கேனர் இல்லையா, காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் மேசை போட்டு, ஃபிளாஷ் அணைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். முதுகையும் எடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் உங்கள் வீட்டம்மா சொல்கிறபடி கணினியில் வருஷப்படி எத்தனை ஆல்பம் வேண்டுமானாலும் போடலாம், பெட்டி அப்படியே இருக்கும். இரண்டு காப்பி, இரண்டு வீட்டில்.

கன்னங்குறிச்சி

அந்தச் சிப்பாய்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆட்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஈட்டி சாய்த்த மரத்துக்குப் பின்னால் நீள மதில் தெரிந்தால் இன்னும் உறுதி. டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஏற்காடு ரோட்டில் ஆரம்பித்த சினிமா ஸ்டூடியோ அது. இன்று அந்த முகப்பு வளைவு மட்டும்தான் நிற்கிறது, உள்ளே எல்லாம் வீடுகள். தமிழில் முதல் முழுநீள வண்ணப் படத்தை 1956-ல் அங்கேதான் எடுத்தார்கள். எங்கள் அப்பாரு கூட்டத்தில் நிற்கிற வேலைக்கு அங்கே போனவர். வேஷத்தைக் கலைக்காமல் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றும், அப்பத்தா அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார் என்றும் எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார்கள். அவர் சிப்பாயாக நிற்கிற படம் எங்களிடம் இல்லை. உங்கள் படத்தில் இடது கையில் ஆறு விரல் உள்ளவர் யாராவது டீ டம்ளர் பிடித்திருக்கிறாரா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். அவசரம் இல்லை.

மலைக்காத்து

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். துணியில் சுற்றிய அந்தப் படத்தைப் பற்றி.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வீட்டு முற்றம் இல்லை, காப்பிக் களம். மட்டமான தரை, சுற்றிச் சின்னச் சுவர், நீளக் கைப்பிடிப் பலகை, மூன்றும் சேர்ந்தால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அந்தப் பலகையால்தான் காயப்போட்ட காப்பிக்கொட்டையைப் புரட்டிப் புரட்டி விடுவார்கள். பின்னால் இருப்பது குடோன் அல்லது பழத்தைத் தோல் உரிக்கிற கட்டடமாக இருக்கும். தூரத்து மரங்கள் சில்வர் ஓக். காப்பிக்கு நிழலுக்கு வைப்பது, வளர்ந்த பிறகு மிளகுக் கொடியை ஏற்றுவோம். இன்று மலையில் அவற்றை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஒல்லியாக இருக்கிறது என்றால் வைத்துச் சில வருஷம்தான் ஆகியிருக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த மலையில் காப்பி இருக்கிறது, எஸ்டேட்கள் எத்தனையோ கைமாறிவிட்டன. பங்களா விற்கும்போது உள்ளே இருக்கும் சாமான்களும் சேர்ந்து மலை இறங்கிவிடும். உங்கள் படம் அப்படித்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துப் பேப்பர் கடைக்கு வந்திருக்கும். எந்த எஸ்டேட் என்று படத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நடுவில் இருக்கும் நான்கு பேரையும் நாயையும் காரையும் சொன்னீர்கள். ஓரத்தில் யாரும் இல்லையா? களத்தில் படம் எடுத்தால் ஓரத்தில் ஆள் இல்லாமல் இருக்காது. காப்பி காய்கிற நேரத்தில் களத்தை விட்டு யாரும் போக முடியாது, மேகம் திரண்டால் உடனே கூட்டிக் குவித்து மூட வேண்டும். துரை குடும்பம் படம் எடுக்கிறது என்றால் ஒதுங்கி நிற்கச் சொல்லியிருப்பார்கள். எங்கள் அம்மாயி காப்பிப் பழம் பறித்தவர், அவர் இருக்கிற ஒரே படமும் அப்படிப்பட்டதுதான். ஒரு கங்காணியின் தோளுக்குப் பின்னால் பாதி முகம், தலையில் கூடை. பெயர் எழுதிய பட்டியலில் நாய்க்கு எழுதியிருக்கிறார்கள், அம்மாயிக்கு எழுதவில்லை. அதை நான் பெரிதாக்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன், விளக்கு ஏற்றுகிறோம்.

லென்ஸ் வைத்து ஓரத்தைப் பாருங்கள்.

பழைய ஸ்டூடியோ

மலைக்காத்து சொன்னது சரி. நாங்கள் பிரிண்ட் போடும்போது ஓரத்தை வெட்டித் தள்ளுவோம், பழைய பெரிய நெகட்டிவ்களில் அந்த ஓரத்தில்தான் ஊரே இருக்கும். 1857, 58-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி ராயக்கோட்டைப் பக்கம் வந்து மெழுகு பூசிய காகித நெகட்டிவில் படம் எடுத்தார், அப்போது ராயக்கோட்டை சேலம் மாவட்டத்தில். பெரும்பாலும் கோட்டை, பாறை மாதிரி அசையாதவற்றைத்தான் எடுத்தார், லென்ஸைத் திறந்து வைக்க வேண்டிய அவ்வளவு நேரம் மனிதர் அசையாமல் நிற்க முடியாது. அந்த 37 வருஷம்தான் என்றால், அவருக்கு எண்பது வருஷம் கழித்து எடுத்த உங்கள் படத்தில் ஓரத்தில் நிற்பவரும் தெளிவாக விழுந்திருப்பார். பாருங்கள்.

அஸ்தம்பட்டிவாசி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது.

சூரமங்கலம் சொன்னபடி எண் போட்டுவிட்டோம், 1 முதல் 611 வரை. உறை மேல் மகள்தான் எழுதினாள். கன்னங்குறிச்சி அண்ணா, சிப்பாய்களின் விரலை லென்ஸ் வைத்து எண்ணினோம், இரண்டு பேருடைய இடது கை படத்தில் தெரியவில்லை. ஸ்கேனை அனுப்புகிறேன், முகத்தை நீங்களே பாருங்கள்.

துணியில் சுற்றிய படத்துக்கு வருகிறேன். ஓரத்தில் ஆள் இருக்கிறார்கள். வலது ஓரத்தில், சுவரை ஒட்டி, ஐந்து பேர். நான் மூன்று மாதமாக இந்தப் படத்தைப் பார்க்கிறேன், அவர்களை மரம் மட்டை மாதிரி தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. நான்கு பேர் கேமராவைப் பார்க்கவில்லை. ஐந்தாவது ஒரு சின்னப் பெண், பதினாறு பதினேழு வயது இருக்கலாம், பனிக்குச் சாக்கைத் தலையிலிருந்து முதுகு வரை கொங்காடையாகப் போட்டுக்கொண்டு நேராகப் பார்க்கிறாள்.

எங்கள் அத்தைக்கு 84 வயது, எடப்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை படத்தையும் லென்ஸையும் எடுத்துக்கொண்டு போனேன். கொலுசு அக்கா சொன்ன மாதிரி எதுவும் கேட்காமல் கையில் கொடுத்தேன். அத்தை முதலில் நாயைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அப்புறம் லென்ஸை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். "கால பாரு" என்றார்.

அந்தப் பெண் இடது பாதத்தை வெளியே திருப்பி நிற்கிறாள். எங்கள் அப்பத்தாவுக்குச் சின்ன வயதில் மலையில் விழுந்து அந்தக் கால் அப்படி ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பஞ்சத்துக்கு மலை ஏறி இரண்டு மூன்று பறிப்புக்குப் போனவர் என்பது எனக்கே இப்போதுதான் தெரியும். அப்பத்தாவுக்குப் படம் கிடையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். திதிக்கு ஒரு சொம்பை வைத்துத்தான் கும்பிடுவோம். அவர் போனபோது சித்தப்பாவுக்குப் பதினான்கு வயது. அத்தை சொன்னார்: "களத்துல ஒருக்கா தொரை படம் புடிச்சாரு, நானும் அதுல இருக்கேன்னு அம்மா சொல்லும். இவன் அதையே கேட்டுக்கிட்டு இருப்பான், அந்தப் படம் எங்க இருக்கும் எங்க இருக்கும்னு."

அதற்கு மேல் அத்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தப்பா இதைத் தேடித்தான் அத்தனை பேப்பர் கடைகளுக்கும் போனாரா, வாங்கியதில் தற்செயலாக வந்ததா, அதில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்ததா, ஒன்றும் சொல்ல முடியவில்லை. துணியில் சுற்றியிருந்தார், அது தெரியும். மற்ற அறுநூறையும் அவர் ஏன் தூக்கிப்போடவில்லை என்றும் இப்போது கொஞ்சம் விளங்குகிறது. வேறு யாரோ ஒருவர் இப்படித் தேடிக்கொண்டிருக்கலாம் இல்லையா. ஆகவே என் இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஊர், இடம் தெரிகிற படங்களை மட்டும் முதலில் இங்கே ஒவ்வொன்றாகப் போடப்போகிறேன்.

ஸ்டூடியோ ஐயாவிடம் ஒரு உதவி. அந்த முகம் படத்தில் கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கிறது. வருகிற ஆடி அமாவாசைக்குள் பெரிதாக்கித் தர முடியுமா? போனில் முகத்தைத் தெளிவாக்குகிற ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தோம், அழகான ஒரு பெண் வந்தாள், அத்தை பார்த்துவிட்டு "இது யாரு" என்றார். அழித்துவிட்டேன்.

பழைய ஸ்டூடியோ

அழித்தது நல்லது. அது இல்லாத கண்ணையும் மூக்கையும் தானாக வரைந்து வைக்கும்.

பெரிய நெகட்டிவை அப்படியே தாளில் வைத்து எடுத்த பிரிண்டாக இருந்தால் அந்த விதைக்குள் நிறைய இருக்கும், கவலைப்படாதீர்கள். முகத்தை மட்டும் வெட்டி ஊதினால் புள்ளி புள்ளியாகிவிடும். முழு உருவமும், அந்தக் கால் தெரிகிற வரை வைத்து, சுவரோடு சேர்த்துப் போடலாம். அத்தைக்குக் காலும் வேண்டும் அல்லவா. என்னிடம் பழைய ஸ்டாண்டும் நல்ல லென்ஸும் இருக்கிறது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாருங்கள், அப்போதுதான் என் வீட்டு வடக்கு ஜன்னல் வெளிச்சம் சரியாக இருக்கும். அந்த வெள்ளைத் துணியிலேயே சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்து வாருங்கள். மழை தூறினால் வர வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். மகளையும் கூட்டி வாருங்கள்.